பருத்திப் பெண்டின் விளக்கும் ஆண்டாளின் எண்ணெய்க்காப்பும்

புறநானூற்றின் 326ஆம் பாட்டை ஒரு மறவனின் இல்லச் சிறப்பைச் சொல்லும் பாட்டாகவே வகுப்பறையில் நடத்துகிறோம். துறை மூதின்முல்லை. கணவன் போர்க்களத்தில் யானையின் பொன்னோடையைப் பரிசாகப் பெறத் தக்கவன். மனைவி, சிறுவர் பிடித்து வந்த உடும்பின் இறைச்சியைத் தயிரோடு சமைத்துப் பாணர்க்கும் வரும் விருந்தினர்க்கும் ஊட்டுவதில் விருப்புடையவள். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் பாட்டு இவர்கள் இருவரிடமிருந்து தொடங்கவில்லை. நள்ளிரவில் காட்டுப் பூனையைக் கண்டு அஞ்சிய இளம் பேடைக் கோழி ஒன்று அலறுகிறது. அந்நேரத்தில், பருத்தியின் கோதும் குப்பையும் புடைத்து நீக்குவதற்காக ஒரு பெண் எழுந்து விளக்கேற்றியிருக்கிறாள். அச்சிறு விளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு பேடை அச்சம் தணிகிறது. பாட்டு உடனே மறவனின் மனைக்குச் சென்றுவிடுகிறது. விளக்கேற்றியவளைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். சிவகாசியை அடுத்த திருத்தங்கலே பழைய தங்கால் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வாறாயின், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தின் மிகப் பழைய நூற்பவள், ஊர் உறங்கும்போது உறங்காத ஒருத்தியாகவே நமக்கு அறிமுகமாகிறாள். அவள் விளக்கொளியில் கோழிக்கு அமைதி கிடைத்தது. விருந்தினர்க்கு உணவு கிடைத்தது. மறவனுக்குப் பரிசில் கிடைத்தது. அவளுக்குத் தூக்கம் கிடைத்ததா என்று நம் உரைமரபு கேட்கவில்லை.

நூலும் ஆடையும், விழாவுக்கான ஏற்பாடும், தன் உடலைத் தானே பேணிக்கொள்வதும் என்று மூன்று வேலைகள். இம்மூன்றையும் ஒருத்தி எப்படி ஒருசேர நடத்துவது என்ற கேள்வி இக்காலத்து மகளிர் இதழ்களில் அடிக்கடி எழுகிறது. விடையாக நேரப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். இக்கேள்விக்கு நம் இலக்கியமும் கல்வெட்டும் கோயில் வழக்கமும் என்ன விடை வைத்திருக்கின்றன என்று, இந்த வட்டாரத்தை நடுவாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் பஞ்சும்

திருவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, வத்திராயிருப்பைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிறது கூமாப்பட்டி. 2025ஆம் ஆண்டில் சமூக ஊடகக் காணொளி ஒன்றால் தமிழகமெங்கும் பெயர் பரவிய அதே ஊர்தான். பிளவக்கல் அணையும் வயலும் தென்னையும் அதன் அடையாளங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கு நின்று மேற்கே பார்த்தால் முகில் மலைமேல் ஊர்ந்து ஏறுவதைக் காணலாம். நற்றிணையின் 353ஆம் பாட்டில் கபிலர் இக்காட்சியைத்தான் உவமையாக்குகிறார். ஆண்துணை இல்லாத பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைப் போல உயர்ந்த மலையில் மழைமுகில் தவழ்கிறதாம். கபிலர் பாடிய மலை இதுவன்று. ஆயினும் இந்த மலையடியில் அவ்வுவமை மாணவர்க்கு விளக்கமின்றியே புரிந்துவிடும்.

இவ்வுவமையில் ஒரு சமூகச் செய்தி இருக்கிறது. நூற்றல், துணை இழந்த பெண்களின் பிழைப்பாக இருந்தது. தறியில் அமர்ந்தவனுக்கு ஊரும் குழுவும் இருந்தன. நூற்றவளுக்குக் கையும் கதிரும் மட்டுமே. ஒரு தறிக்கு இடைவிடாமல் நூல் கொடுக்கப் பல கைகள் நூற்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆடைக்குப் பின்னாலும் பெயரில்லாத பல பெண்களின் இரவுகள் உண்டு.

கோதை கண்ட ஆடைகள்

அடுத்த சான்று திருவில்லிபுத்தூரிலேயே கிடைக்கிறது. ஆண்டாளின் பாசுரங்களை ஆடை என்ற ஒன்றை மட்டும் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள், வியப்பாக இருக்கும். நாச்சியார் திருமொழியின் மூன்றாம் திருமொழி முழுவதும், கோழி கூவுமுன் நீராடப் போன பெண்கள் தம் ஆடைகளைத் திருப்பித் தரும்படி கண்ணனிடம் மன்றாடுவது. ஆறாம் திருமொழியின் திருமணக் கனவில் மந்திரித்த கூறைப் புடவையை மணமகளுக்கு உடுத்துகிறார்கள். பதின்மூன்றாம் திருமொழியில், பிரிவால் வாடிய பெண் தன் சுற்றத்தாரிடம் வேண்டுகிறாள்: கண்ணன் இடையில் உடுத்த பொன்னிற ஆடையைக் கொண்டுவந்து என் வாட்டம் தீர வீசுங்கள் என்கிறாள். ஆடை அங்கே மருந்தாகிவிடுகிறது.

அந்தப் பொன்னிற ஆடைக்கு அவள் வழங்கும் பெயர் பீதகம். அவளை வளர்த்த பெரியாழ்வாரும் திருப்பல்லாண்டில், இறைவன் உடுத்துக் களைந்த பீதக ஆடையை உடுக்கும் தொண்டர்களாகத் தம்மவரைச் சொல்லிக்கொள்கிறார். அச்சொல் பின்னும் ஓரிடத்தில் நமக்கு வேண்டியிருக்கும்.

திருப்பாவையையோ ஒரு விழா ஏற்பாட்டின் அட்டவணை என்றே சொல்லலாம். இரண்டாம் பாட்டில் நோன்பின் விதிகள்: விடியலில் நீராட்டு, நெய்யும் பாலும் இல்லை, மையும் மலரும் இல்லை. இருபத்தேழாம் பாட்டில் அவ்விலக்குகள் எல்லாம் நீங்கி அணிகலன்களும் புத்தாடையும் நெய் வழியும் பாற்சோறும் வருகின்றன. எல்லோரும் கூடியிருந்து உண்கிறார்கள். இதில் நான் கவனிக்கும் நுட்பம் ஒன்று. மை எழுதாமல் இருப்பதும் அணி பூணுவதும் ஒருத்தியின் தனி விருப்பமாக விடப்படவில்லை. எல்லோரும் ஒன்றாக விடுகிறார்கள், ஒன்றாக உடுத்துகிறார்கள். உறங்கும் ஒருத்தியை விட்டுவிட்டு யாரும் நீராடப் போவதில்லை. வாயில் வாயிலாக நின்று எழுப்புவதற்கே பத்துப் பாட்டுகள் செலவாகின்றன.

கோயிலின் நாட்காட்டி

இந்த இலக்கியம் ஆண்டாள் கோயிலில் ஆண்டுதோறும் செயலாக நடக்கிறது. கார்த்திகையில் கைசிக ஏகாதசியன்று, குளிர் தொடங்கிவிட்டதென்று, ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் கருடாழ்வாருக்கும் 108 போர்வைகள் சாற்றுகிறார்கள். மார்கழியில் பகல்பத்தின் தொடக்க நாளில் ஆண்டாள் தன் பிறந்தகத்தார் இல்லத்துக்கு எழுந்தருள, காய்கறிகளைப் பரப்பி வைத்து வரவேற்கும் ‘பச்சைப் பரத்தல்’ நடக்கிறது. மாத இறுதியை ஒட்டி நீராட்டு உற்சவம். திருமுக்குளக் கரை மண்டபத்தில், மூலிகைகள் சேர்த்துப் பல நாள் காய்ச்சிய தைலத்தால் எண்ணெய்க்காப்பு நடைபெறும்; கூந்தலைக் கோதிச் சிக்கெடுத்து முடிப்பதும் அதில் உண்டு. அத்தைலத்தை நோய் தீர்க்கும் பிரசாதமாக மக்கள் வாங்கிச் செல்கிறார்கள்.

ஆடைகளின் போக்குவரத்தும் இந்நாட்காட்டியில் உண்டு. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குத் திருவரங்கத்திலிருந்து பட்டு வருகிறது; பங்குனித் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து வருகிறது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் கள்ளழகருக்கும் போகிறது.

போர்வை, எண்ணெய், சீப்பு, பட்டு, காய்கறி ஆகிய யாவும் ஒரு வீட்டுப் பெண்ணின் பொருள்கள். தெய்வத்துக்குச் செய்யும்போது இவற்றில் எதையும் யாரும் மறப்பதில்லை. குளிர் வந்தால் போர்வை வரும். விழாவுக்கு முன் எண்ணெய் வரும். ஏனென்றால் இவை யாருடைய நினைவாற்றலையும் நம்பி இருக்கவில்லை. நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, பொறுப்பாளர் குறிக்கப்பட்டிருக்கிறார்.

கணக்கில் ஏறிய எண்ணெய்

மனிதர்க்கும் இப்படிச் செய்ததுண்டா? உண்டு என்பதற்குச் சிறந்த சான்று செங்கற்பட்டுப் பக்கத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது. அங்கிருந்த வீரசோழன் என்னும் ஆதுலர் சாலையில் 15 நோயாளர்க்குப் படுக்கை இருந்தது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து காய்ச்சும் பெண்டிர் என ஒவ்வொருவருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. அதைவிட என்னைக் கவர்வது, அங்கே தங்கிப் படித்த மாணவர்க்குச் சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய் ஒதுக்கியிருப்பது. ‘உடம்பைக் கவனித்துக்கொள்’ என்ற அறிவுரையோடு அவர்கள் நிற்கவில்லை. எண்ணெயை அளந்து ஆண்டுக் கணக்கில் எழுதிவைத்தார்கள்.

நெசவாளர் பக்கம் வந்தால், உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள் (10ஆம் நூற்றாண்டு) துணை செய்கின்றன. காஞ்சியில் அரசனுக்கு ஆடை நெய்த பட்டசாலியர் வாழ்ந்த சேரிகளிடம் ஊரகத்துத் திருமால் கோயிலின் பொருளையும் விழாச் செலவையும் கண்காணிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. விழாவுக்குத் துணி தருபவராக மட்டும் நிற்காமல் விழாவை நடத்துபவராகவும் அவர்கள் இருந்தார்கள். ஆனால் தறிக்கு வரி உண்டு, தறியிறை என்று. ஆகவே கல்வெட்டில் தறி இருக்கிறது. நூற்றவளோ தறிக்கும் பின்னால், வீட்டு இருளில் இருந்தாள்.

வடக்கே இசாமி என்னும் புலவர் 1350இல் பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றுக் காவியத்தில், தில்லியை ஆண்ட இரசியாவைக் கண்டிக்கும்போது, பெண்ணுக்கு இராட்டையே போதும் என்று எழுதினார். இந்தியாவில் இராட்டை பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் முதன்மையாக அறிஞர் காட்டுவது இதையே. ஒரு கருவி நம் வரலாற்றில் எழுத்தேறும்போதே பெண்ணை உட்கார்த்தி வைக்கும் கட்டளையோடு ஏறியிருக்கிறது!

முப்பத்தாறு துகில்கள்

இடைக்கால நெசவு இன்று சிலருக்குப் பொழுதுபோக்கு. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்’ என்னும் அமைப்பினர் ஐரோப்பிய இடைக்கால ஆடைகளை அக்கால முறைப்படியே நூற்று, சாயமேற்றி, தைத்து உடுத்திப் பார்க்கிறார்கள். நம்மிடம் அத்தகைய அமைப்பு இல்லாவிட்டாலும் அதற்கு வேண்டிய பொருள் ஏராளம். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரையின் அறுவை வீதிக்கு உரை சொல்லவந்த அடியார்க்கு நல்லார் முப்பத்தாறு துகில் வகைகளை அடுக்குகிறார். கோசிகம், பீதகம், பச்சிலை, அரத்தம், சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, குச்சரி, தேவகிரி என்று போகும் அப்பட்டியலில் நிறத்தால் பெயர் பெற்றவையும், வேலைப்பாட்டால் பெயர் பெற்றவையும், ஊரால் பெயர் பெற்றவையும் கலந்திருக்கின்றன. ஆண்டாளின் பீதகம் இங்கே அங்காடிச் சரக்காக வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

எனக்கும் இதில் சிறு ஈடுபாடு உண்டு. ஒரு தக்களி, கொஞ்சம் பஞ்சுப் பட்டை, மூன்று மண்சட்டிகள் ஆகியவையே என் பட்டறை. பருத்தி எளிதில் நிறம் கொள்ளாது. முதலில் கடுக்காய் நீரில் ஊறவேண்டும், பிறகு படிகாரம். அதன்மேல் சாயவேரோ மஞ்சிட்டியோ ஏறினால் சிவப்பு நிற்கும். மாதுளந்தோல் மஞ்சள் தரும். அவுரியின் வழி தனி: புளிக்கவைத்த தொட்டியில் தோய்க்கும்போது பச்சையாக வரும் நூல், காற்றுப் பட்டவுடன் நீலமாகும். இவற்றில் எதையும் விரைவுபடுத்த முடியாது. விடைத்தாள் கட்டுகளுக்கும் விழாக்காலச் சமையலுக்கும் நடுவே ஓர் அரைமணி நேரம் தக்களியோடு உட்கார்ந்தால் மூச்சு சீராகிறது, தோள் இறங்குகிறது. காந்தியடிகள் நாள்தோறும் நூற்பதை ஒரு வழிபாடாகக் கொண்டது ஏன் என்பதும் புரிகிறது. மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியவர் அவர். ஆடையின் அளவைக்கூட ஏழையின் உடலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை மறைத்துப் பேசுவது முறையன்று. எனக்கு நூற்பது ஓய்வு, ஏனென்றால் நான் நிறுத்தலாம். பருத்திப் பெண்டுக்கு நிறுத்துவதுதான் ஓய்வு. செயல் ஒன்று; நிறுத்தும் உரிமை வேறு. கைத்தொழிலை ‘மனத்துக்கு மருந்து’ என்று புகழும்போது அந்த உரிமை யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நிறுத்தச் சொன்ன நாட்கள்

இடைக்கால ஐரோப்பாவிலும் நூற்றல் பெண்களின் முடிவற்ற வேலை. அங்கே கிறித்துமசு தொடங்கிய பன்னிரண்டு நாள்களில் நூற்கக் கூடாதென்ற வழக்கம் பல பகுதிகளில் இருந்தது. சனவரி 6 திருக்காட்சித் திருநாள்; மறுநாள் மீண்டும் நூற்கத் தொடங்குவார்கள். நார் சுற்றிய கோலுக்கு ஆங்கிலத்தில் டிஸ்டாஃப் என்று பெயர். அப்படியொரு புனிதர் இல்லாவிட்டாலும், சனவரி 7ஐ வேடிக்கையாக ‘புனித டிஸ்டாஃப் நாள்’ என்றார்கள். செருமானிய நாட்டார் கதைகளில் பெர்க்தா என்னும் தெய்வப் பெண் அந்நாள்களில் வீடு வீடாக வருவாள். நூற்றுமுடிக்க வேண்டியதை முடிக்காதவளையும் தண்டிப்பாள். ஓய்வு நாளில் நூற்பவளையும் தண்டிப்பாள். ஓய்வு எவ்வளவு அரிதாக இருந்திருந்தால் அதைக் காக்க ஒரு பேய்க்கதை வேண்டியிருந்திருக்கும்! அதே கதை, விழாவுக்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியையும் ஒளிக்காமல் சொல்கிறது.

அந்நெருக்கடி நம் நெசவாளர்க்கு நன்கு தெரியும். தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து ஆற்றுவதற்கு வெயில் வேண்டும். குழித்தறிக்குள் ஈரம் ஏறக்கூடாது. வேலை மிகுதியாகத் தேவைப்படும் மாதத்தில்தான் வேலை ஓடாது. திருவில்லிபுத்தூரிலும் வத்திராயிருப்புப் பக்கத்துச் சுந்தரபாண்டியத்திலும் தறியொலி கேட்ட தெருக்களில், தார் சுற்றுவதும் நூல் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்கள் கைவேலை. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை வழங்கும் திட்டம் தொடங்கியபோது, ஏழைக்கு விழா ஆடையும் நெசவாளர்க்கு வேலையும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்தன. விழாவை ஒரு நெசவு நாட்காட்டியாக மாற்றிய அரசுத் திட்டம் என்று அதைச் சொல்லலாம்.

இராசபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டியில் இன்று நெய்யப்படுவது காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி. ஆடை வாட்டம் தீர்க்கும் என்று கோதை நம்பிய ஊருக்கு அருகில், துணி உண்மையிலேயே மருந்துப் பொருளாகிவிட்டது. அவ்வகையில் எனக்கு அது பட்டுக்குக் குறைந்ததாகத் தோன்றவில்லை.

கடைசியாக நீராடுபவள்

வகுப்பில் இப்புறப்பாட்டை நடத்தும்போது மாணவியரிடம் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். தீபாவளியன்று உங்கள் வீட்டில் முதலில் எழுபவர் யார், கடைசியாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர் யார்? சிறு சிரிப்புக்குப் பின் இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வரும்: ‘அம்மாதான், மிஸ்.’ கூமாப்பட்டிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் பெண் ஒருத்தி ஒருமுறை சொன்னாள்: ‘எங்கம்மா அன்னைக்குக் குளிக்கவே மத்தியானம் ஆயிரும் மிஸ். புதுச்சேலைய மடிப்புக் கலைக்காம பீரோல வச்சுருவாங்க, பொங்கலுக்குக் கட்டிக்கிறேன்னு.’ பொங்கலுக்கும் அந்த மடிப்புக் கலைந்திருக்குமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இந்நிலைக்கு அந்த அம்மாவிடம் ‘உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்வது விடையாகாது. அது அவள் பட்டியலில் மேலும் ஒரு வேலையைச் சேர்ப்பதாகும். மேலே கண்ட சான்றுகள் வேறொன்றைச் சொல்கின்றன. ஆண்டாளுக்குப் போர்வை தவறாமல் வருவது நாள் குறிக்கப்பட்டதால். திருமுக்கூடல் மாணவர்க்கு எண்ணெய் வந்தது கணக்கில் எழுதியதால். ஐரோப்பியப் பெண்ணின் கதிர் பன்னிரண்டு நாள் நின்றது ஊரே நிறுத்தியதால். பாவைப் பெண்கள் ஒருத்தியையும் விட்டுவிடாமல் நீராடியது ஒருவரையொருவர் எழுப்பியதால். தன்னைப் பேணுதல் என்று இன்று தனியொருத்தியின் தலையில் வைக்கிறோமே, அது பழங்காலத்தில் கிடைத்த இடங்களிலெல்லாம் பலர் கூடிச் செய்த ஏற்பாடாகவே கிடைத்திருக்கிறது. அவ்வேற்பாட்டுக்குள் வராதவள் விடியுமுன் விளக்கேற்றினாள், அவ்வளவுதான்.

எனவே, நண்பர்களே, வரும் தீபாவளிக்குப் பலகாரப் பட்டியலும் துணிப் பட்டியலும் போடும் வீடுகளில் மூன்றாவதாக ஒரு வரியும் எழுதலாம்: அம்மாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது யார், எத்தனை மணிக்கு, அப்போது அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார். பெயரும் நேரமும் போட்டு எழுதவேண்டும். சோழர் காலத்தில் அதைக் கல்லில் வெட்டினார்கள். நமக்குச் சமையலறை நாட்காட்டியின் ஓரம் போதும்.